இறக்கை கிள்ளிய பண்ணைக்காரி

ஒரு குளக்கரையில், வாய்க்காலுக்குப் பக்கத்தில், பெரிய எருக்கஞ்செடி ஒன்று நின்றது. அந்தச் செடியில் ஒரு கட்டெறும்புக் குடும்பம் பால்பண்ணை நடத்தி வந்தது.

எறும்புக்கு ஏது மாடு என்று சிரிக்க வேண்டாம். எருக்க இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மஞ்சள் மஞ்சளாக, கடுகைவிடச் சின்னப் பூச்சிகள் அப்பிக்கொண்டிருக்கும். அசுவினி என்பார்கள். செடியின் சாற்றை உறிஞ்சிக் குடித்துவிட்டு நாள் முழுக்க இருந்த இடத்திலேயே இருக்கும். எறும்பு வந்து மீசையால் முதுகில் மெல்லத் தட்டினால், பின்பக்கமாக ஒரு சொட்டு இனிப்புத் தண்ணீர் விடும். எறும்புகளுக்கு அதுதான் பால். அசுவினிகள்தான் மாடுகள். அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தக் கதை முடியும்வரை நாமும் அப்படியே சொல்வோம்.

பண்ணை நேற்று முளைத்ததல்ல. வெள்ளையாத்தாள் என்ற எறும்பு அதைத் தொடங்கினாள். அவளுக்குப் பின் அவள் மகள்கள் நடத்தினார்கள். மகள்களுக்குப் பின் பேத்திகள். எறும்புக் குடும்பத்தில் வேலை பார்ப்பதெல்லாம் பெண்கள்தான் என்பதால் சொத்துத் தகராறு கொஞ்சம் குறைவு. வாய்த் தகராறு மட்டும் உண்டு.

வெள்ளையாத்தாள் எப்படிப் பண்ணை தொடங்கினாள் என்று அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கோ தூரத்திலிருந்து ஒரே ஒரு மாட்டை வாயில் கவ்விக்கொண்டு, வெயிலில் நடந்து, இந்தச் செடியைக் கண்டுபிடித்து ஏறினாளாம். குஞ்சுகளுக்குப் பால் ஊட்டும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் ஊட்டுவார்கள்.

இப்போது பண்ணை பாவாத்தாள் கையில் இருந்தது. நல்ல உழைப்பாளி. விடிந்ததும் கிளை கிளையாகச் சுற்றி வருவாள். மாடு திருட வரும் பொறிவண்டை ஓட ஓட விரட்டுவாள். மழை வந்தால் மாடுகளைக் கவ்விக்கொண்டு போய் இலையடியில் சேர்ப்பாள். வெயில் ஏறினால் நிழல் பார்த்து மாற்றுவாள். மாடுகள்மேல் அவளுக்குப் பாசம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்தப் பண்ணையில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லா மாட்டுக்கும் இறக்கை இருக்காது. எப்போதாவது ஒன்றிரண்டுக்கு மட்டும் முளைக்கும். முளைத்த மாடு பறந்துவிடும் அல்லவா? அதனால் முளைக்க முளைக்க எறும்புகள் கிள்ளிவிடுவார்கள். மாட்டுக்கு வலிக்காது. நமக்கு நகம் வெட்டுகிற மாதிரிதான்.

மழைக்காலத்துக்கு முன்னால் வருஷம் ஒரு தடவை இறக்கை நோம்பி கொண்டாடுவார்கள். கிள்ளிய இறக்கைகளை எல்லாம் புற்று வாசலில் குவிப்பார்கள். வெயிலில் அவை மினுங்கும். எவளுடைய குவியல் பெரியதோ, அவள்தான் அடுத்த நோம்பிவரை வரிசையில் முன்னால் நடப்பாள். மாடுகள் நிற்கும் கட்டுத்தரை முழுவதும் அவள் சொல்படி நடக்கும். எறும்பு வரிசையில் முன்னால் நடப்பது எவ்வளவு பெரிய கௌரவம் என்பது பின்னால் நடப்பவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

பாவாத்தாளின் குவியல் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"எங்கம்மா காலத்துல கிள்ளுன இறக்கை எல்லாம் சேர்த்தாலும் ஒரு வாய்க்குக் காணாது! எனக்குப் பாரு, வெக்க எடமில்லை!" என்று அவள் பெருமையடித்துக்கொள்வாள்.

அம்மா காலத்தில் ஏன் குறைவு, தன் காலத்தில் ஏன் அதிகம் என்று அவள் யோசிக்கவில்லை. தன் திறமை என்றே நினைத்துக்கொண்டாள். நம்மில் நிறையப் பேருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

அந்த வருஷம் இறக்கை முளைக்காத மாட்டைத் தேட வேண்டியிருந்தது. காலையில் ஒரு வரிசை மாட்டுக்குக் கிள்ளினால் மாலையில் வேறொரு வரிசை மாடு இறக்கையோடு நிற்கும். பாவாத்தாளுக்குச் சாப்பிட நேரமில்லை. வாய் வலிக்க வலிக்கக் கிள்ளினாள். வடக்குக் கிளையில் வேலை பார்த்த அக்காமார்களும் போட்டிக்குக் கிள்ளினார்கள்.

பாவாத்தாளுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பெயர் நாச்சாள். பால் கறப்பது அவள் வேலை. கறப்பதில் பெரிய கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. பாதிப் பாலைச் சிந்துவாள். மீதியில் கொஞ்சம் தானே குடித்துவிடுவாள். வாய் மட்டும் ஓயாது. மாட்டிடம், இலையிடம், காற்றிடம் எல்லாம் பேசுவாள்.

ஒரு நாள் அவள் அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, பால் நெம்பத் தண்ணியா இருக்குது."

"நீ சிந்துன எடத்துல மழைத்தண்ணி ஏதாச்சும் சேர்ந்திருக்கும்."

"மழையே பெய்யலையே!"

"அப்பக் கறக்கற கையி சரியில்லை. நான் கறந்தா திக்கா வரும்."

"எங்கே, வந்து கற பாக்கலாம்!"

"எனக்கு எங்க அம்மிணி நேரம்? நோம்பி வருதில்ல? மேக்கால கிளையில இன்னும் அத்தனை மாடு இறக்கையோட நிக்குது!" என்று சொல்லிவிட்டுப் பாவாத்தாள் ஓடினாள்.

புற்றுக்குள் இருந்த குஞ்சுகள் பால் போதாமல் நெளிந்தன. முன்பெல்லாம் ஒரு சொட்டில் வயிறு நிறைந்து தூங்கிவிடும். இப்போது மூன்று சொட்டு ஊட்டினாலும் வாயைத் திறந்தபடியே கிடந்தன. அந்தக் குஞ்சுகள் பிழைத்தால்தான் குடும்பம். பால் இருந்தால்தான் குஞ்சுகள்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை.

தினமும் காலையில் வரும் பொறிவண்டு அன்றும் வந்தான். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பழைய திருடன். பாவாத்தாள் வாயை அகல விரித்துக்கொண்டு பாய்ந்தாள். பொறிவண்டு ஓடவில்லை. மெதுவாக ஒரு மாட்டை மோந்து பார்த்தான். இன்னொன்றை மோந்து பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"என்னடா, பயந்துட்டியா?" என்று கேட்டாள் பாவாத்தாள்.

"பயமா! உன்னைப் பார்த்தா! மாட்டுல சதையே இல்லியே அம்மிணி! எல்லாம் வெறும் சக்கையா இருக்குது. இதைத் திங்கறதுக்குப் பட்டினியாவே கெடக்கலாம்."

"திருடத் தைரியமில்லாம சாக்குச் சொல்றியா?"

"என்னவோ வெச்சுக்க. நான் வாய்க்காலுக்கு அக்கட்டப் போறேன். அங்க எருக்கஞ்செடி இளசா நாலஞ்சு நிக்குது. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு அங்க மாடு வரும். இனி இந்தப் பக்கம் என்னைத் தேடாதே!"

பொறிவண்டு பறந்து போனான்.

ஒரு திருடன் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு இங்கே ஒன்றுமில்லை என்று போனால், வீட்டுக்காரர் மகிழ்வாரா, கவலைப்படுவாரா? பாவாத்தாள் மகிழ்ந்தாள். செடியின் உச்சிக்கு ஏறி நின்று கத்தினாள்.

"பொறிவண்டை ஊரை விட்டே தொரத்தீட்டேன்! எங்கம்மா கூட இதைப் பண்ணுனதில்லை!"

எல்லோரும் மீசையை ஆட்டி ஆரவாரம் செய்தார்கள். நாச்சாளும் ஆட்டினாள். ஆனால் அவளுக்கு மனசு ஒட்டவில்லை.

மறுநாள் கறக்க உட்கார்ந்தாள். அது மஞ்சி என்ற கிழட்டு மாடு. கட்டுத்தரையில் அதிகம் ஈன்றது அதுதான். நாச்சாள் முதுகைத் தட்டினாள். சொட்டு வரவில்லை. மறுபடி தட்டினாள். வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏன் மஞ்சி, உன்ற புள்ளைகளுக்கெல்லாம் எதுக்கு இந்த வருஷம் இப்படி இறக்கை முளைக்குது?"

மஞ்சி சாறு உறிஞ்சுவதை நிறுத்தியது.

"என்னங் கேட்டீங்க?"

"இறக்கை எதுக்கு முளைக்குதுன்னு கேட்டேன்."

"அட! கேட்டே போட்டீங்களே!"

"ஏன், கேக்கக்கூடாதா?"

"எங்க பாட்டி காலத்துலருந்து கிள்ளறீங்க. யாரும் கேட்டதில்லீங். நாங்களும் இவங்களுக்குத் தெரியுமாட்ட இருக்குதுன்னு சும்மா இருந்துட்டோம்."

"எனக்குத் தெரியாது. சொல்லு."

"செடிக்குச் சீக்குங். வேர்ல புழு உழுந்திருச்சு. சாறு மேல ஏறறதில்லை. ஏறற கொஞ்சமும் கசக்குது. சாறு மாறுச்சுன்னா எங்க வயித்துல இருக்கற புள்ளைக்குத் தெரிஞ்சுபோயிரும். இந்தச் செடி இனி ஆகாதுன்னு இறக்கையோட பொறக்கும். நல்ல செடி இருந்தா எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டுதான் அப்படிப் பொறக்கும். இப்பப் பாருங்க, அத்தனையும் இறக்கை!"

நாச்சாள் மஞ்சியின் முகத்துக்கு நேரே வந்தாள்.

"அப்ப நீங்க எங்களை விட்டுட்டு ஓடறதுக்கு இறக்கை வெக்கறதில்லையா?"

"எங்கங் ஓடறது? நீங்க இல்லாட்டி அந்தப் பொறிவண்டு ஒரே வேளையில எங்களைத் தின்னு ஏப்பம் விட்டிருவானே! நாங்க முன்னால பறந்துபோய் நல்ல செடியாப் பாத்து உக்காருவோம். நீங்க பின்னால வந்து சேர்ந்துக்கோணும். உங்க வெள்ளையாத்தா அப்படித்தான இந்தச் செடிக்கு வந்தாங்க?"

"அவங்க மாட்டை வாயில கவ்வீட்டு வந்தாங்கன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்களே!"

"எங்க வீட்டுல வேறயாட்டச் சொல்லுவாங்க. எங்க பாட்டி முன்னால பறந்தாளாம். உங்காத்தா அண்ணாந்து பாத்துட்டே பின்னால ஓடி வந்தாங்களாம். வந்து பாத்தாங்க, செடி அருமையா இருந்துச்சு. அதுக்கப்பறமும் காத்தடிச்சாப் பறக்கற துடுக்குக் குட்டி ஒண்ணு ரெண்டு இருக்குமில்லீங்? அதுகளுக்கு மட்டும் கிள்ளுனாங்க. அதுல தப்பில்லீங்."

இந்த இரண்டு கதைகளில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. முதலாளி சொல்லும் கதையில் மாடு வாயில் இருக்கும். மாடு சொல்லும் கதையில் முதலாளி பின்னால் ஓடி வருவார். எப்போதும் அப்படித்தான்.

நாச்சாள் தண்டு வழியே இறங்கினாள். வேர்ப் பக்கம் போனாள். மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தாள். உள்ளே கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று வேரைக் கடைந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அது, "யாரு? எந்நேரமும் மேலேயேதான இருப்பீங்க?" என்று கேட்டது. நாச்சாள் மேலே ஓடினாள்.

பாவாத்தாள் தன் கிளையில் இறக்கைக் குவியலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! செடி சாகப்போகுது! வேர்ல புழு!"

"யார் சொன்னது?"

"மஞ்சி சொல்லுச்சு. நானும் போய்ப் பாத்தேன்."

"மாடு சொல்லுச்சா! மாட்டுப் பேச்சைக் கேட்டுட்டுப் பண்ணை நடத்தறதா? கறவை நின்னுபோன கெழடு அது. வாய்க்கு வந்ததைச் சொல்லும்."

"நீ ஒருக்கா இறங்கி வந்து வேரைப் பாரு, அக்கா. ரெண்டு எட்டுதான்!"

"நோம்பி முடியட்டும், வர்றேன்."

"நோம்பிக்குள்ள வாய்க்கால்ல தண்ணி விட்டிருவாங்க! இப்பக் காஞ்சு கெடக்குது. இப்பவே ஆளுக்கொரு மாட்டைக் கவ்வீட்டு நடந்தா அக்கட்டப் போயிரலாம். அங்க இளஞ்செடி நிக்குது. பொறிவண்டே சொன்னானில்ல? அதுவும் வேண்டாம்னா, கிள்ளறதை மட்டுமாச்சும் நிறுத்து. மாடுகளே பறந்து போயிக்கும். தண்ணி வந்தாலும் அதுகளுக்கு என்ன?"

பாவாத்தாள் இன்னோர் இறக்கையை எடுத்துக் குவியலில் வைத்தாள். அவள் முட்டாள் இல்லை. பால் தண்ணீராக இருப்பது அவளுக்கும் தெரியும். குஞ்சுகள் நெளிவதையும் பார்த்திருந்தாள். ஆனால் எதிரே வடக்குக் கிளையில் அக்காமார்கள் விடாமல் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய குவியலும் ஏறத்தாழ அவள் குவியல் அளவு வந்துவிட்டது. இப்போது நிறுத்தினால் முன்னால் நடப்பது வேறொருத்தி.

"ஆத்தா காலத்துச் செடி. இதை விட்டுட்டு வாய்க்கால் தாண்டிப் போயி யாரோ வெச்ச செடியில ஒண்டச் சொல்றியா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? போ, போய்ப் பாலைக் கற. சிந்தாமக் கற!" என்றாள்.

"அக்கா..."

"இன்னொருக்கா இந்தப் பேச்சு எடுத்தீன்னா கட்டுத்தரைப் பக்கமே வரக்கூடாது, சொல்லீட்டேன்!"

நாச்சாள் அன்று முழுவதும் மற்ற தங்கச்சிமார்களிடம் சொல்லிப் பார்த்தாள். வாயாடி பேச்சை யார் கேட்பார்கள்? "காத்துக்கிட்டப் பேசறவ இப்ப மாட்டுப் பேச்சையும் கேக்க ஆரம்பிச்சுட்டா!" என்று சிரித்தார்கள். பேசிப் பேசியே பெயரைக் கெடுத்துக்கொண்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

கடைசியில் மஞ்சியிடம் வந்து நின்றாள்.

"நான் ஒருத்தி உன்னைத் தூக்கீட்டுப் போனா வர்றியா?"

"நான் கெழவிங். கறவை நின்னுபோச்சு. எளசா ஒண்ணாத் தூக்கீட்டுப் போங்க."

"எளசெல்லாம் என் பேச்சைக் கேக்காது. நீதான் கேப்பே."

"வயித்துல இன்னும் நாலஞ்சு குட்டி இருக்குதுங். நல்ல சாறு கெடச்சாப் பொழைக்கும். சரி, தூக்குங்க. மெதுவாக் கவ்வுங்க, இடுப்பு வலி!"

நாச்சாள் மஞ்சியைக் கவ்விக்கொண்டு செடியை விட்டு இறங்கினாள். காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கினாள். வெடித்த மண்ணில் விழுந்து எழுந்து நடந்தாள். மேலிருந்து சகோதரிகள் பார்த்துச் சிரித்தார்கள். "கெழட்டு மாட்டை ஓட்டீட்டுத் தனிக்குடித்தனம் போறாடி!" என்று ஒருத்தி கத்தினாள். பாவாத்தாள் சிரிக்கவில்லை. திரும்பிக்கொண்டாள்.

நோம்பி வந்தது. பாவாத்தாளின் குவியல்தான் பெரியது. குடும்பம் பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு குவியலை யாரும் பார்த்ததில்லை. ஒரு மாட்டின் முதுகிலும் இறக்கை மிச்சமில்லை. அவள் முன்னால் நடந்தாள். மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். செடியைச் சுற்றி வந்தார்கள். அவர்கள் நடக்கும்போதே பழுத்த இலை ஒன்று ஊர்வலத்தின் நடுவே பொத்தென்று விழுந்தது. வரிசை கலைந்தது. பிறகு சேர்ந்துகொண்டது.

நோம்பி முடிந்த இரண்டொரு நாளில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. கிளைகள் சுருங்கின. மாடுகள் உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தன. சாறு இல்லை. எத்தனை தட்டினாலும் ஒரு சொட்டும் வரவில்லை. புற்றுக்குள் பலவீனமான குஞ்சுகள் ஒவ்வொன்றாக அசைவை நிறுத்தின.

பாவாத்தாள் அப்போதுதான் கீழே இறங்கிப் போய் வேரைப் பார்த்தாள். வேர் இல்லை. புழுவும் இல்லை. தின்று முடித்துவிட்டு அது எப்போதோ போய்விட்டது.

அவள் வாய்க்கால் கரைக்கு ஓடினாள். தண்ணீர் இருகரை தொட்டுப் போனது. ஒரு காலை வைத்தாள். இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. பின்வாங்கினாள். எதிர்க்கரையில் இளம் எருக்கஞ்செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. ஒரு செடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

அவள் திரும்பச் செடிக்கு வந்தாள். உச்சிக் கிளையில் ஏறினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மாடுகளா! எல்லாரும் கேளுங்க! நான் இனிக் கிள்ள மாட்டேன்! இந்தச் செடி போச்சு. வாய்க்காலுக்கு அக்கட்ட நல்ல செடி இருக்குது. எல்லாரும் பறந்து போயிருங்க! பொழைச்சுக்குங்க! தண்ணி வத்துனதும் நாங்க வந்து சேர்ந்துக்கறோம்! பறங்க!"

ஒன்றும் அசையவில்லை.

"என்ன பாக்கறீங்க? பறங்கன்னு சொல்றேனில்ல!"

ஓர் இளம் மாடு தலையைத் திருப்பியது. கோபம் இல்லாமல்தான் கேட்டது.

"எதை வெச்சுங் பறக்கறது?"

பாவாத்தாள் பார்த்தாள். கிளை நெடுக மாடுகளின் முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு முதுகிலும் இரண்டு பக்கமும் சின்னக் கட்டை. ஒரு பிசிறு இல்லாமல், தோல் கிழியாமல், அத்தனையும் சுத்தமாகக் கிள்ளியிருந்தது. அந்தக் குடும்பத்தில் அவ்வளவு சுத்தமாகக் கிள்ளத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"புதுசா முளைக்காதா?" என்று கேட்டாள்.

"எங்களுக்கு முளைக்காதுங். இனிப் பொறக்கற புள்ளைக்குத்தான் முளைக்கும். பால் ஊறவே சாறு இல்லை. புள்ளை எங்கங் பொறக்கும்?"

அந்த மாடு மறுபடி தண்டில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தது.

பாவாத்தாள் அவற்றை விட்டுப் போகவில்லை. வெயில் ஏறினால் நிழலுக்கு மாற்றினாள். நிழல் தர இலை இல்லாதபோது தானே மேலே நின்றாள். ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசி மாடு விழுந்த அன்று எருக்கஞ்செடியும் சாய்ந்தது.

பண்ணைக்காரக் குடும்பம் செத்த வெட்டுக்கிளியையும் உதிர்ந்த பழத்தையும் இழுத்துத் தின்று பிழைத்தது. மீதிக் குஞ்சுகளில் பாதிதான் எறும்பாயின. பசியோடு இருக்கிற வரிசையில் முன்னால் நடந்தால் என்ன, பின்னால் நடந்தால் என்ன! யாரும் இடத்துக்குச் சண்டை போடவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் நின்றது. சேறு காய்ந்தது. பாவாத்தாள் குடும்பத்தோடு அக்கரைக்கு நடந்தாள். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள்.

இளஞ்செடியில் மாடுகள் மொய்த்துக் கிடந்தன. அத்தனையும் மஞ்சியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மஞ்சி செத்துப்போய்க் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. பொறிவண்டோடு தனியாக மல்லுக்கட்டியதில் நாச்சாளுக்கு ஒரு கால் போயிருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவள் நொண்டிக்கொண்டே வந்தாள்.

"வந்துட்டியா அக்கா! ஒத்தையில கறந்து கறந்து சலிச்சுப்போச்சு. பேச ஆளில்லை. குஞ்சுகள்லாம் எங்கே?"

பாவாத்தாள் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டாள். தங்கச்சியின் மீசையைத் தன் மீசையால் தொட்டாள். அழுதாள்.

"குஞ்சுகள்ல பாதிக்கு மேல போயிருச்சு. நான்தான் கொன்னுட்டேன்" என்றாள்.

நாச்சாள் ஒரு சொட்டுப் பாலைக் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தாள்.

பாவாத்தாள் அங்கே கறவைக்காரியாகச் சேர்ந்தாள். ஒரு நாள் கறக்கும்போது மாடு ஒன்றின் முதுகில் அவள் கண் போனது. இரண்டு பக்கமும் புதிய இறக்கை. அவள் வாய் தன்னால் திறந்தது. பழகிய வாய் அல்லவா! சுற்றியிருந்த சகோதரிகள் கறப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பாவாத்தாள் வாயை மூடிக்கொண்டாள். குனிந்து, மாட்டின் முகத்துக்கு நேரே வந்தாள்.

"ஏங் கண்ணு, இறக்கை வெச்சிருக்கே? செடிக்கு ஏதாச்சும் சீக்கா?"

"சீக்கெல்லாம் இல்லீங். செடி நல்லாத்தான் இருக்குது. இந்தக் கிளையிலதான் நெம்ப நெருக்கடி. படுத்தா ஒண்ணு மேல ஒண்ணு படுக்கோணும். மேல் கிளை காலியா இருக்குதுல்லங்?"

"அவ்வளவுதானா!"

"அவ்வளவுதானுங்."

"அப்ப உங்களைத் தூக்கீட்டுப் போய் மேல விட்டுட்டாச் சரியாப் போயிருமா?"

"போயிருமுங். ஆனா நீங்க தூக்கோண்டாம். இறக்கை இருக்குதுல்லங், நானே போயிக்கறேன். நீங்க பின்னால வாங்க!"

மாடு பறந்து போய் மேல் கிளையில் உட்கார்ந்தது. பாவாத்தாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே தண்டில் ஏறினாள்.

விட்டுப் போகத் துடிக்கிறவரைக் கட்டிப்போடுவதற்கு முன்னால், எதற்காகப் போகிறாய் என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.